கேளு நைனா: தோத்தவருக்கு கன்னி மூலை

கேள்வி: எம்.சி. ரோட்ல எங்க ஜவுளிக்கடைக்கு எதிர் பார்லர்ல வேலை பாக்குற இம்பால் பொண்ணு ஒரு சாமி கதை சொல்லிச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, உலகத்த யாரு முதல்ல சுத்தி வர்றதுன்னு போட்டியாம். நம்ம மாம்பழக் கதைய அப்டியே சுட்டுட்டாங்களா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: சுட்டுட்டாங்கன்னு எடுத்த எடுப்புல சொல்லாதீங்க நைனா, முழுக் கதையும் கேளுங்க. அது மணிப்பூர்ல இருக்குற மெய்தெய் ஜனங்களோட கதை. அப்பா சாமி சிதபா, அம்மா லைமரேல் சிதபி, மூத்தவரு சனமாஹி, இளையவரு பாக்கங்பா. சனமாஹி உலகத்த சுத்த கெளம்பிட்டாரு, தம்பி அம்மா குடுத்த ஐடியால அப்பாவோட சிம்மாசனத்த சுத்திட்டு பட்டத்த வாங்கிட்டாரு. நம்மூர்ல அண்ணன் ஜெயிப்பாரு, அங்க தம்பி, அதுவே உல்ட்டா. திரும்பி வந்த சனமாஹி கோச்சுக்கிட்டு மலையேறல, தம்பிய போட்டுத் தள்ளத் தொரத்துறாரு, இவரு ஓடிப்போயி பொண்ணுங்க நடுவுல பதுங்க, அதுங்க சுத்தி நின்னு ஆடியே காப்பாத்திடுச்சுங்க. கடைசில அப்பா பஞ்சாயத்து பண்ணி, நாட்டுக்கு ராஜா தம்பி, வீட்டுக்கு வீடு ராஜா அண்ணன்னு பிரிச்சு வுட்டாரு. இன்னிக்கும் மெய்தெய் வீட்ல தென்மேற்கு மூலை சனமாஹிக்குத்தான். நம்ம கன்னி மூலைங்க அது! இங்க ஜெயிச்ச புள்ளையார் உக்கார்ற எடத்துல அங்க தோத்தவரு உக்காந்திருக்காரு. என்னைக் கேட்டா அவருதான் லாபம், ராஜாவுக்கு ஒரு அரண்மனை, இவருக்கு ஊர்ல இருக்குற அத்தனை வீடும்.

கேள்வி: அப்போ அவங்க இந்துவா, வேற மதமா?
- வாசகி, காசிமேடு

பதில்: ரெண்டும் உண்டும்மா. 18ஆம் நூற்றாண்டுல பாம்ஹெய்பான்னு ஒரு ராஜா வைஷ்ணவத்துக்கு மாறி, புயான்னு சொல்ற பழைய ஏடுங்கள எல்லாம் கொளுத்தச் சொன்னாரு. அந்த வயித்தெரிச்சல் இன்னும் ஆறல, வருஷா வருஷம் நெனைவு நாள் அனுசரிக்கிறாங்க. ஆனா கிருஷ்ணர கும்புட்ட வீட்லயும் சனமாஹி மூலைய யாரும் காலி பண்ணல. லாய் ஹராவோபான்னு திருவிழாவும் நடக்குது, மைபின்னு வெள்ளை உடுத்துன பூசாரிம்மாங்க தண்ணிலேர்ந்து சாமிய அழைப்பாங்க, கூடவே பேனான்னு ஒத்தைத் தந்தி வாத்தியம் அழுவுற மாதிரி இழுக்கும். நம்மூர்ல கரகம் ஜோடிக்க ஆத்தங்கரை போறோமே, அத நெனச்சுக்குங்க.

கேள்வி: பாக்கங்பா எப்டி இருப்பாரு?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: பாம்பு ரூபம், வால வாய்ல கவ்விக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு கெடப்பாரு. இம்பால் காங்லா கோட்டைதான் அவரு எடம். வாசல்ல கொம்பு வச்ச சிங்கச் சிலை ரெண்டு நிக்கும், 1891ல வெள்ளக்காரன் ஒடைச்சத 2007ல திரும்பக் கட்டுனாங்க. போறதா இருந்தா நெலவரம் விசாரிங்க, வெளியூர்க்காரங்க மணிப்பூர் உள்ள போக வாங்குற இன்னர் லைன் பர்மிட்டும் எடுத்துக்குங்க.