கேமிங் தளம் கட்டும் மகன்: பெங்களூரு லிங்கராஜபுரத்துத் தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு கவலைகள் பின்னிக் கிடக்கின்றன. மகன் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு அடிமையாகிவிட்டானோ என்பது ஒன்று. இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை வைத்துக்கொண்டு இரவு இரண்டு மணி வரை விழித்திருக்கிறானே, படிப்பு என்னவாகும் என்பது மற்றொன்று. இரண்டாவது கவலை முழுக்க நியாயமானது; அதற்கு வருகிறேன். முதல் கவலையை நீங்கள் இறக்கி வைத்துவிடலாம். அவனை உட்கார வைத்துப் பேசினேன், அவன் செய்திருப்பதைத் திறந்து பார்த்தேன். அவன் விளையாடுவது வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் மற்ற பையன்களின் விளையாட்டுக் குழுக்களுக்கு இணையதளம் கட்டிக்கொண்டிருக்கிறான். அதுவும் யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானே கற்றுக்கொண்டு.

வாசலில் நின்று பார்த்தால் விளையாட்டும் வேலையும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே இருட்டு அறை, அதே திரை, காதில் அதே ஹெட்போன். உங்கள் கணவருக்குக் கோபம் வருவதில் வியப்பில்லை. அதனால் அவன் என்னதான் செய்கிறான் என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

மைன்கிராஃப்ட் போன்ற விளையாட்டுகளில், விளையாடுகிறவர்களே தங்களுக்கென்று தனியாகச் சர்வர், அதாவது எல்லோரும் இணைந்து ஆடும் பொதுக் கணினி, நடத்தலாம். ஒரு சர்வரில் நூறு, இருநூறு பேர் சேர்ந்துவிட்டால் அது ஒரு சின்னச் சங்கம் மாதிரி ஆகிவிடும். விதிமுறைகளை எழுதிவைக்க ஒரு பக்கம் வேண்டும். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்ற தரவரிசை தானாகப் புதுப்பிக்கப்பட வேண்டும். போட்டி வைத்தால் பதிவுப் படிவம் வேண்டும். தகராறு செய்து வெளியேற்றப்பட்டவன் வேறு பெயரில் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ள ஒரு பதிவேடு வேண்டும். சம்பளம் கொடுத்து ஆள் வைக்க யாரிடமும் பணம் இருக்காது. குழுவில் கொஞ்சம் விவரம் தெரிந்த ஒரு பையன் தலையில் எல்லாம் வந்து விழும். உங்கள் மகன்தான் அந்தப் பையன்.

ரசிகர்கள் செய்த வேலை தொழிலாக மாறியதும் உண்டு. கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற புகழ்பெற்ற விளையாட்டு, 1999இல் ஹாஃப்-லைஃப் என்ற வேறொரு விளையாட்டின்மேல் ரசிகர்கள் இருவர் செய்த மாற்றமாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதை வாங்கி, அவர்களையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. இதை நம்பி வாழ்க்கைத் திட்டம் போட முடியாது. கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது அது. ஆனால் அந்தக் குழுக்களில் பழகும் வேலை, வெளியில் சம்பளம் வாங்கித் தரும் அதே வேலைதான். படிவம், தரவுத்தளம், கடவுச்சொல், சர்வர் பராமரிப்பு. வங்கிக்கும் மருத்துவமனைக்கும் இவைதான் வேண்டியிருக்கிறது.

அவன் என் மேசையில் தன் போட்டிப் பதிவுத் தளத்தைத் திறந்து காட்டியபோது நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நாற்பதுக்கும் மேற்பட்ட அணிகள் அதில் பதிவு செய்திருந்தன. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பக்கம். முகவரிப் பட்டையின் கடைசியில் 41 என்ற எண் இருந்தது. அதை அழித்துவிட்டு 42 என்று தட்டினேன். அடுத்த அணியின் பக்கம் அப்படியே திறந்துகொண்டது. அணித் தலைவனின் பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், பிறந்த தேதி எல்லாம் இருந்தன. கடவுச்சொல் எதுவும் கேட்கவில்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

அவன் முகம் வெளுத்துப்போனது. சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை. "சார், ஒரு நிமிடம்" என்று லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். முதலில் தளத்தை மூடி, பராமரிப்பு நடப்பதாக ஓர் அறிவிப்பு போட்டான். பிறகு சர்வரின் பதிவுகளைத் திறந்து, எனக்கு முன் வேறு யாராவது இப்படி எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்களா என்று தேடினான். இல்லை என்று உறுதியான பிறகுதான் நிரலைத் திருத்த ஆரம்பித்தான். கடைசியில், அணித் தலைவர்களுக்கு இதைத் தெரிவிக்க வேண்டுமா என்று என்னிடம் கேட்டான். தெரிவிக்க வேண்டும் என்றேன். அன்றே எல்லோருக்கும் எழுதிவிட்டான்.

இந்த வரிசையைத்தான் நான் கவனித்தேன். முதலில் கதவைச் சாத்துவது, பிறகு என்ன களவு போனது என்று பார்ப்பது, அதன் பிறகு பூட்டைச் சரிசெய்வது, பாதிக்கப்பட்டவர்களிடம் மறைக்காமல் சொல்வது. நல்ல நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதைப் பயிற்சி கொடுத்துப் பழக்குகிறார்கள். பதினேழு வயதில் ஒருவனுக்கு அது தானாக வருகிறது என்றால் அவனிடம் பொறுப்பு இருக்கிறது. எந்த நிரல்மொழி தெரியும் என்பதைவிட எனக்கு அது பெரிதாகப் படுகிறது.

அவனிடம் குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் கண்டுபிடித்த ஓட்டை அபூர்வமானது அல்ல. இணையதளப் பாதுகாப்புக் குறைகளைத் தொகுக்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது இந்த வகைதான். தானாகக் கற்கிறவர்களுக்கு வரும் சிக்கல் இது. தேவைப்பட்டதை மட்டும் தேவைப்பட்ட நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். தேவைப்படாதவரை ஒன்று இருப்பதே தெரியாது. அவன் கோப்புறையில் 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று ஒரே தளத்துக்கு மூன்று பிரதிகள் கிடந்தன. நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியை ஒழுங்காகப் பழகினால் இந்தக் குழப்பமே வராது. ஒரு முகவரியைத் தட்டியதும் உலாவிக்கும் சர்வருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்டேன், பாதியில் திணறிவிட்டான். யூடியூபைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு, இணையதளத் தொழில்நுட்பத்தை விளக்கும் மொசில்லாவின் எம்டிஎன் ஆவணங்களை அடிப்படையிலிருந்து படிக்கச் சொல்லியிருக்கிறேன். இலவசம்தான். அவன் செய்த தளங்களில் ஒன்றையாவது, வேறொருவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி விளக்கக் குறிப்போடு, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் வைக்க வேண்டும். இன்றைக்கு ஒரு சாதாரணத் தளத்தை ஏஐ கருவி சில நிமிடங்களில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. எழுதத் தெரியும் என்பதற்காக மட்டும் யாரும் சம்பளம் தரப் போவதில்லை. எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் எது முறியும் என்று சொல்லக்கூடியவனுக்குத்தான் இடம் இருக்கும்.

இனி படிப்பு. "பட்டம் எதற்கு, என் தளங்களே போதும்" என்று அவன் உங்களிடம் வாதாடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம். சிறு நிறுவனங்கள் வேலையைப் பார்த்து எடுப்பது உண்மைதான். ஆனால் பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தைச் சலிக்கும்போதே பட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். வெளிநாட்டு வேலை விசா என்று வரும்போதும் அதுதான் கேட்கப்படும். இருபத்தைந்து வயதில் அவனுக்கே துறை மாற ஆசை வந்தாலும் பட்டம் கைகொடுக்கும்.

அவன் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் படிக்கும் பிசிஎம்சி பிரிவில் இருப்பதால் எந்தக் கதவும் இன்னும் மூடவில்லை. கர்நாடகத்தில் பொறியியல் தரவரிசைக்கு சிஇடி என்ற மாநில நுழைவுத் தேர்வின் மதிப்பெண் பாதி, பியூசியின் இயற்பியல், வேதியியல், கணித மதிப்பெண் பாதி என்று சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். சிஇடிக்கு மட்டும் படித்தால் போதும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த எண்ணத்தைத் திருத்திவிட்டேன். 2024 முதல் இரண்டாம் பியூசிக்கு ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் நடக்கின்றன. ஒன்றில் சறுக்கினால் அடுத்ததில் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். அது நிம்மதிக்காக இருக்கட்டும், முதல் தேர்வையே கடைசித் தேர்வாக நினைத்து எழுதட்டும். உங்கள் கணவர் கிருஷ்ணகிரியில் வாங்கி வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் இங்கே மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். கலந்தாய்வு நேரத்தில் இது தெரியவந்து தவித்துப்போன தமிழ்க் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பொறியியல் சீட்டு நல்ல கல்லூரியில் கிடைக்காவிட்டால், லட்சங்களைக் கொட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தப் பையனுக்கு அது தேவையே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல பிசிஏ, கூடவே ஐஐடி மெட்ராஸின் இணையவழி பிஎஸ் பட்டப் படிப்பு என்று யோசிக்கலாம். அதற்கு ஜேஇஇ கிடையாது. தகுதிச் சுற்றில் தேறினால் போதும், பாடங்கள் இணையத்தில், தேர்வுகள் மட்டும் நேரடி மையத்தில். ஆனால் எளிது என்று நினைத்துச் சேர்ந்து பாதியில் விடுகிறவர்கள் உண்டு. புள்ளியியலும் கணிதமும் விடாமல் வரும். தமிழ்நாட்டில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் பல ஆண்டுகளாக நடத்திவரும் பயிற்சிப் பள்ளியும் இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து, வேலை கற்றுத் தருகிறார்கள். தானாகக் கற்கும் பழக்கம் உள்ளவனுக்கு ஏற்ற இடம். பட்டம் வேண்டும் என்று நான் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு.

பண விஷயத்தில் நீங்கள் தலையிட்டே ஆக வேண்டும். வெளிநாட்டுக் குழுத் தலைவர் ஒருவர் அவனுக்கு விளையாட்டு கிஃப்ட் கார்டுகளாகக் கூலி கொடுத்திருக்கிறார். இனி அது கூடாது. 18 வயது நிரம்பாதவன் செய்யும் ஒப்பந்தம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. ஏமாற்றினால் கேட்க வழியில்லை. எனவே பேச்சு அவனுடையதாக இருக்கட்டும், ஒப்புதல் உங்கள் கணவர் பெயரில் எழுத்தில் இருக்கட்டும், பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். சிறுவர்களுக்கும் காப்பாளர் மூலம் பான் கார்டு வாங்கலாம். பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்ப்பது வருமான வரியில் பொது விதி என்றாலும், தன் திறமையாலோ அறிவாலோ சம்பாதித்ததை அப்படிச் சேர்க்க வேண்டியதில்லை. வருகிற தொகை சிறிதாக இருந்தாலும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயங்களுக்கு மட்டும் கண்டிப்பாகத் தடை போடுங்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஈ-ஸ்போர்ட்ஸ் போட்டிகளுக்கு அதில் தனி இடம் இருந்தாலும், நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசுப் பணம் தரும் பக்கம் எதையும் அவன் இப்போதைக்குத் தொட வேண்டாம். பந்தயத் தளம் செய்து தரக் கேட்டு யாராவது வந்தால் உங்களிடம் வந்து சொல்லட்டும்.

மற்றொன்று, எதிரணிச் சர்வரை முடக்கும் 'விளையாட்டு'. இந்தக் குழுக்களில் அது சகஜம், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். 2016இல் உலகையே உலுக்கிய மிராய் என்ற தாக்குதல் மென்பொருளை எழுதியவர்கள், மைன்கிராஃப்ட் சர்வர் வியாபாரப் போட்டியில் ஊறிய மூன்று அமெரிக்க இளைஞர்கள். கல்லூரி வயதுதான். 2017இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள், உங்கள் மகனைப் போலவே தானாகக் கற்றவர்கள். இந்தக் கதையை அவனிடம் முழுவதுமாகச் சொன்னேன். மௌனமாகக் கேட்டுக்கொண்டான். வீட்டிலும் ஒருமுறை பேசுங்கள், மிரட்டாமல்.

அணி வீரர்களின் கைபேசி எண்ணும் பிறந்த தேதியும் இனிக் கேட்பதில்லை, விளையாட்டுப் பெயர் மட்டும் போதும் என்று அவனே முடிவு செய்துவிட்டான். சரியான முடிவு. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரங்களைப் பெறப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. அந்தப் பையன்கள் எல்லோரும் அந்த வயதுதான்.

தேர்வு முடியும்வரை லேப்டாப்பைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவனை நம்பி ஒரு குழு தளத்தை நடத்துகிறது. சொல்லாமல் கைவிட்டால் பொறுப்பைக் கைவிடும் பழக்கம்தான் வரும். தேர்வு முடியும்வரை புதிய வேலை எடுப்பதில்லை என்று குழுவுக்கு அவனே எழுதித் தெரிவிக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் பராமரிப்புக்கு. இரவு பத்தரை மணிக்கு எல்லோருடைய போனும் லேப்டாப்பும் ஹாலில் வந்துவிட வேண்டும், உங்கள் கணவருடையதும் சேர்த்து. காலையில் எழுந்து படிக்கட்டும்.

லட்ச ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் கேட்கிறான் என்றீர்கள். இணையதளம் உருவாக்கும் வேலைக்கு அவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு தேவையே இல்லை. அவனிடம் இருப்பதை எஸ்.பி. ரோட்டு கம்ப்யூட்டர் கடைகளுக்கு எடுத்துப் போய் ரேமைக் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டுக்கொடுங்கள். இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள், பில்லை மறக்காமல் வாங்கி வையுங்கள். வாரண்டிக்கு அது வேண்டும்.