அந்த டப்பா இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறதா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீட்டில் இருக்கிறோம். மாமியாருக்கு 78 வயது. எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு நன்றாக இருக்கிறது. செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் வளர்ந்தவர், மலாய் சரளமாகப் பேசுவார். பேச ஆளில்லாமல் நாள் முழுக்க என்னையே கூப்பிடுகிறார். பணிப்பெண் வைக்க வசதியில்லை. கணவருக்கு ஷிப்ட் வேலை. மூத்தவளுக்கு இந்த ஆண்டு பிஎஸ்எல்இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. பல்வலிக்கு வாங்கிய அப்பாயின்ட்மென்டை மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டேன். யாரையும் தொந்தரவு செய்யாமல் சமாளிக்கிறேன். எதிர்வீட்டு மலாய் அம்மா நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்த பலகார டப்பாகூட இங்கேயே கிடக்கிறது, வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. இப்போதெல்லாம் காரணமில்லாமல் அழுகை வருகிறது. என்ன செய்வது?

பதில்: அந்த டப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஃப்ரிட்ஜ் மேலா? தினமும் அது உங்கள் கண்ணில் படுகிறது. இல்லாவிட்டால் இத்தனை கஷ்டத்துக்கு நடுவே அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்க மாட்டீர்கள்.

வெறும் பாத்திரத்தைத் திருப்பக்கூடாது என்று என் அம்மாவும் சொல்வார். ஒன்றும் இல்லாத நாளில் நாலு கரண்டி சீனியாவது போட்டு என் கையில் கொடுத்தனுப்புவார். பாத்திரம் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கட்டும் என்றுதான் பெரியவர்கள் அப்படி வைத்தார்கள். நீங்களோ அதையே சாக்காக வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். 'யாரையும் தொந்தரவு செய்யாமல்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஏம்மா, அதற்குப் பெயர் வீம்பு. அந்த வீம்புக்கு உங்கள் பல் வலிக்கிறது, உங்கள் மாமியார் பேச ஆளில்லாமல் கிடக்கிறார்.

நம் சமையலை அவர் வீட்டில் சாப்பிட மாட்டார்களே என்று தயங்கினீர்களா? பழத்துக்கு என்ன தடை? நாலு ஆரஞ்சு போதும்.

உங்கள் மாமியாரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1971-ல் பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பும்வரை அந்தத் தளத்தை ஒட்டி எத்தனை இந்தியக் குடும்பங்கள் வாழ்ந்தன! பக்கத்துக் கம்பத்துக்காரர்களோடு, அதாவது மலாய்க் கிராமத்து மக்களோடு, மலாய் பேசி வளர்ந்த பெண்மணி அவர். அவரோடு அதே மொழியில் பேசக்கூடிய ஒருவர் உங்கள் வாசலிலிருந்து பத்தடி தூரத்தில் இருக்கிறார். நடுவில் இருப்பது காரிடாரும் உங்கள் கூச்சமும்தான். அந்த அம்மா வந்தால் உங்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு. உங்கள் மாமியாருக்கோ வெகுநாளைக்குப் பிறகு ஒரு சிநேகிதி.

ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து 1985-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கேட்டால் கைகொடுக்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை இருந்தாலே நெருக்கடியின் அடி மட்டுப்படும் என்ற பொருள்பட அதில் சொல்லியிருக்கிறார்கள். நம் பாட்டிமாருக்கு இதற்குக் கட்டுரை தேவைப்படவில்லை. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடியே இதைத்தான் செய்தார்கள்.

பகல்நேரப் பராமரிப்பு நிலையம், உதவித்தொகை பற்றியெல்லாம் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் 1800 650 6060 என்ற எண்ணில் கேளுங்கள். அதையும் செய்யத்தான் வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காவிட்டால் பலதுறை மருந்தகத்தில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு மாமியார் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டால் ஓடிவரப்போவது எதிர்வீடுதான்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. படுத்திருப்பது அவரைப் பெற்ற தாய். ஷிப்ட் இல்லாத நாளில் அம்மாவைக் குளிப்பாட்டுவதும் டயப்பர் மாற்றுவதும் மகன் கடமை. மருமகள் இருக்கிறாள் என்று அவர் சோபாவில் உட்காரக்கூடாது. இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது இது. முதலில் பல் மருத்துவருக்குப் போன் போட்டு, சனிக்கிழமை காலைக்கு நேரம் வாங்குங்கள். அப்புறம் டப்பாவில் ஆரஞ்சை வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மலாய் அம்மாக்களை மரியாதையாகக் கூப்பிடுவதுபோல, "மக்சிக், சனிக்கிழமை ஒரு மணி நேரம் எங்கள் அத்தையோடு பேசிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேளுங்கள். நேரம் வாங்காமல் போனால் பழத்தைக் கொடுத்துவிட்டு, கேட்காமலே திரும்பிவிடுவீர்கள்.