நூறு நாள் வேலையும் ஊராட்சிப் பணிகளும்: கேள்வி பதில்

ஊராட்சி ஒன்றியத்தில் பணி மேற்பார்வையாளராக, ஊரில் சொல்கிறபடி ஓவர்சியராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஏரி, குளம், வாய்க்கால், சாலை, அங்கன்வாடிக் கட்டடம் என்று ஊராட்சி செய்யும் வேலைகளால் ஊர்க்காரர்களுக்கு எப்படிப் பிழைப்பு கிடைக்கிறது, எங்கே தவறிப்போகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நூறு நாள் வேலை பற்றிச் சொல்வதெல்லாம் 2005-ஆம் ஆண்டு தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின்படி. 2025-இல் வந்த புதிய சட்டத்தைப் பற்றிய கேள்விக்குத் தனியாகப் பதில் இருக்கிறது.

செங்கம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி: ஐயா, அட்டை இருக்கு. போய்க் கேட்டால் "இப்ப வேலை இல்லை, வந்தா சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். வருடத்துக்கு முப்பது நாள் கூடத் தேறவில்லை. என்ன செய்வது?

அம்மா, வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு எழுதிக் கொடுங்கள். இந்தச் சட்டத்தின் உயிரே அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது.

வெள்ளைத் தாள் போதும். பெயர், வேலை அட்டை எண், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் வேலை வேண்டும், கையெழுத்து அல்லது கைரேகை. குறைந்தது 14 நாள் தொடர் வேலை என்று கேளுங்கள். ஊராட்சிச் செயலரிடம் கொடுக்கலாம். அவர் வாங்காவிட்டால் ஒன்றிய அலுவலகத்தில் கொடுக்கலாம். கொடுத்ததும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரவே வராதீர்கள். அந்தத் தேதியிலிருந்து 15 நாளுக்குள் வேலை தர வேண்டும். தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும். முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையக் கூடாது, அதற்கு மேல் பாதிக்குக் குறையக் கூடாது. இந்தப் படியை மாநில அரசு தன் கையிலிருந்து தர வேண்டும். அதனால்தான் ஒப்புகைச் சீட்டு என்றாலே அலுவலகத்தில் தயங்குகிறார்கள். சீட்டு இல்லையென்றால் நீங்கள் கேட்டதாகவே கணக்கில் வராது. அப்புறம் வருடக் கடைசியில் "இந்த ஊரில் வேலைக்குத் தேவை குறைவு" என்று மேலே போகும், அடுத்த வருட ஒதுக்கீடும் அதை வைத்தே வரும்.

தனியாகப் போக வேண்டாம். தெருவில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து ஒரே நாளில் கொடுங்கள். தமிழ்நாட்டில் இந்த வேலையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பெண்கள்தான். நீங்கள் சேர்ந்து நின்றால் யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

விருத்தாசலத்திலிருந்து: அறிவித்த கூலி 336 ரூபாய் என்கிறார்கள், எங்களுக்கு 250 சொச்சம்தான் ஏறுகிறது. மீதியை யார் எடுக்கிறார்கள்?

எல்லா இடத்திலும் யாரோ எடுக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில்தான் குறைகிறது. என் தொழிலே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

336 என்பது 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த ஒருநாள் கூலி. முந்தைய ஆண்டு 319, அதற்கு முன் 294. ஆனால் மண் வேலையில் கூலி, குழு வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தது. இருபது பேர் ஒரு நாள் செய்த வேலையை ஓவர்சியர் அளந்து, விலைப்பட்டியல்படி 5,040 ரூபாய் மதிப்பு என்று எழுதினால் ஆளுக்கு 252 ரூபாய்தான் வரும்.

அந்த 5,040 எப்படி வந்தது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். மண்ணின் வகை முதலில். ஈர வண்டலுக்கு ஒரு விலை, இறுகிய செம்மண்ணுக்கும் சரளைக்கும் அதைவிடக் கூடுதல் விலை. சரளையை வெட்டிவிட்டு வண்டல் என்று எழுதினால் கூலி அங்கேயே போயிற்று. அடுத்தது, மண்ணை எவ்வளவு தூரம் சுமந்தீர்கள், எவ்வளவு உயரத்துக்கு ஏற்றினீர்கள் என்பது. லீடு, லிஃப்ட் என்று நாங்கள் சொல்வோம். ஏரி நடுவில் வெட்டிக் கரையின் மேல் கொட்டினால் இரண்டுக்கும் சேர்த்துத் தர வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடுகிற ஓவர்சியர்கள் உண்டு. ஒரு ஓவர்சியருக்குப் பல ஊராட்சிகள், அளவு எடுக்க நேரமே இருக்காது. காரணம் எதுவானாலும் இழப்பு உங்களுக்குத்தான்.

அதனால் வேலை தொடங்கும் அன்றே, குறி போடும்போதே கேளுங்கள்: எந்த மண் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆளுக்கு எத்தனை அடி நீளம், அகலம், ஆழம்? குழிக்கு நடுவே பழைய தரைமட்டம் தெரிகிற மாதிரி ஒரு மண் திட்டை விட்டு வைப்பார்கள். அளவு எடுக்கிற வரை அதை யாரும் கரைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் உழைப்புக்கு அதுதான் சாட்சி. பட்டியலில் இருபது பேர் இருந்து பதினைந்து பேர்தான் வெட்டினார்கள் என்றாலும் கூலி இருபதால் வகுபடும். வராத பெயர் என்.எம்.ஆர் என்கிற வருகைப் பட்டியலில் ஏறினால் போவது உங்கள் பணம்.

மன்னார்குடி விவசாயி: நூறு நாள் வேலையால் நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. எங்கள் வயலுக்கே அவர்களை அனுப்பினால் என்ன?

உங்கள் கஷ்டம் உண்மை, மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நாடு முழுக்க ஒரு குடும்பம் வருடத்தில் சராசரியாகச் செய்கிற வேலை ஏறத்தாழ ஐம்பது நாள். மீதி முந்நூறு நாளுக்கும் மேல் அவர்கள் வேறு வேலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆள் குறைந்ததற்கு நகரத்துக்குப் போனது, அடுத்த தலைமுறை வயலுக்கு வராதது, கூலி என்று பல காரணம்.

தனியார் வயலில் நடவுக்கு அரசுக் கூலி தருவதற்குச் சட்டத்தில் இடமில்லை. சிறு, குறு விவசாயி, பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் நிலத்தில் வரப்பு போடுவது, பண்ணைக்குட்டை வெட்டுவது, ஆட்டுக் கொட்டகை கட்டுவது முடியும்.

ஊராட்சி செய்யக்கூடியது வேலைக் காலத்தைச் சரியாக வைப்பது. டெல்டாவில் சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12. நடுவில் உள்ள மாதங்களில் வயலில் வேலை இல்லை, வீட்டில் காசும் இல்லை. சி, டி வாய்க்கால்களை, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பிரிக்கும் சிறு கிளை வாய்க்கால்களை, அந்த நேரத்தில் தூர் வாரினால் கூலிக்காரருக்கும் லாபம், தண்ணீர் கடைமடை வரை போவதால் உங்களுக்கும் லாபம். ஆனால் பல ஊர்களில் அந்த மாதங்களில் பணிக்கு அனுமதி வருவதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. இதற்காக நீங்களும் கூலிக்காரர்களும் ஒன்றாகக் கிராமசபையில் பேசினால் நான் மிகவும் மகிழ்வேன்.

காரைக்குடி: ஒரே ஏரியை வருடா வருடம் சுரண்டுகிறார்கள், ஊருக்கு என்ன பயன்?

வேலையைத் தேர்ந்தெடுத்த விதம்தான் தப்பு. ஏரிக்குள் பள்ளம் தோண்டுவது அளக்கச் சுலபம், ஆளை நிறுத்தச் சுலபம், அதனால் எப்போதும் அதையே எடுக்கிறார்கள். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் மேடிட்டுக் கிடந்தால் உள்ளே எத்தனை அடி தோண்டியும் பயனில்லை. முதலில் வரத்துக் கால்வாய், அப்புறம் கரையும் உபரி நீர் வழியும் கலங்கலும், கடைசியில்தான் ஏரியின் உள்பகுதி. இந்த வரிசையில் மூன்று நான்கு வருடத்துக்கான பணிகளைக் கிராமசபைத் தீர்மானத்தில் எழுதி வையுங்கள். எந்த வேலை என்று முடிவு செய்யும் உரிமை கிராமசபைக்குத்தான். செலவில் பாதியாவது ஊராட்சி வழியாக நடக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

வேலூர் மாவட்டத்தில் நாகநதியை மீட்க இந்தத் திட்டத்தில்தான் பெண்கள் மலைச்சரிவில் கல் தடுப்புகளும் நிலத்தடியில் நீர் இறக்கும் கிணறுகளும் கட்டினார்கள். அதே கூலி, அதே ஆட்கள். திட்டம் போட்டவர்கள் தண்ணீர் போகும் வழியை யோசித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜேசிபி வைத்துச் செய்தால் சீக்கிரம் முடியுமே?

முடியும், ஆனால் கூலி போய்விடும். இந்தத் திட்டத்தில் ஒப்பந்ததாரர் கூடாது, ஆளின் வேலையைப் பறிக்கிற இயந்திரமும் கூடுமான வரை கூடாது. இரவில் இயந்திரம் ஓடிப் பகலில் அட்டைக்கு வருகை பதிவானால் படம் எடுத்துத் தேதியோடு மாவட்டக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். திட்டத்தின் கணக்கை ஊர்க்காரர்கள் முன்னால் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை நடக்கும் நாளிலும் அதை எழுந்து சொல்லுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி: ஊராட்சியில் சிமெண்ட் சாலை, கட்டடம் என்று லட்சக்கணக்கில் செலவாகிறது. அதில் உள்ளூர் ஆட்களுக்கு ஏன் வேலை வருவதில்லை?

நல்ல கேள்வி தம்பி. சிமெண்ட் சாலை மதிப்பீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜல்லி, சிமெண்ட், கலவை இயந்திரம், போக்குவரத்து, இவற்றுக்கே பெரும்பகுதி போகிறது. ஒப்பந்ததாரர் தன் ஆட்களோடு வந்து சில நாளில் போட்டுவிட்டுப் போகிறார். நூறு நாள் திட்டத்தில் பொருளுக்கும் திறன் கூலிக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை வைத்ததே இதனால்தான்.

அமெரிக்காவில் 1930-களின் பெருமந்தத்தில் இது பெரிய விவாதமாகவே நடந்தது. 1933-இல் ஹெரால்ட் இக்கீஸ் பொறுப்பில் பொதுப்பணி நிர்வாகம் தொடங்கி, அணை, பாலம் என்று தனியார் ஒப்பந்தங்கள் கொடுத்தது. நல்ல கட்டுமானம், ஆனால் வேலை மெதுவாகவே வந்தது. அந்தக் குளிர்காலத்தில் பசி தாங்காது என்று அரசின் நிவாரணப் பணிகளைக் கவனித்த ஹாரி ஹாப்கின்ஸ் வேறு வழி எடுத்தார். அவர் தலைமையில் 1933 நவம்பரில் தொடங்கிய அமைப்பு ஆட்களை நேரடியாக எடுத்தது. 1934 ஜனவரிக்குள் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். சாலை, பள்ளி, பூங்கா என்று சிறு சிறு வேலைகள், பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகங்கள் சொன்னவை. அது சில மாதங்களில் நின்றாலும், அதே ஹாப்கின்ஸ் 1935-இல் தொடங்கிய அடுத்த அமைப்பு 1943 வரை ஏறத்தாழ 85 லட்சம் பேருக்கு வேலை கொடுத்தது.

எனவே "இவ்வளவு கோடியில் உள்கட்டமைப்பு" என்று அறிவிப்பு வந்தால், அதில் கூலியாக எவ்வளவு, யாருக்கு என்று கேளுங்கள்.

பட்டம் படித்தவர்களுக்கு இதில் இடம் உண்டா?

மண் வெட்டும் வேலையாக இல்லை. நூறு நாள் முடித்த குடும்பத்தில் 18 முதல் 45 வயது வரை உள்ளவர்களுக்கு உன்னதி என்ற பயிற்சித் திட்டத்தை ஒன்றிய அரசு கொண்டுவந்தது. ஆனால் நான் உறுதியாக நம்புவது பராமரிப்பு வேலையை. குடிநீர்த் தொட்டி, குழாய், மோட்டார், தெருவிளக்கு, இதெல்லாம் கட்டும்போது சில வாரம் வேலை, பார்த்துக்கொள்ள வருடம் முழுக்க வேலை. ஐடிஐ படித்த பையன் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறான். மோட்டார் பழுதானால் நகரத்திலிருந்து ஆள் வரக் காத்திருக்கிறோம். ஊராட்சிகள் பராமரிப்புக்கு நியாயமான மாதச் சம்பளத்தில் உள்ளூர் இளைஞர்களை வைக்க நிதி ஒதுக்க வேண்டும். தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைக் காவலருக்கும் இன்று தருவது அவர்கள் உழைப்புக்குப் போதாது.

காலை பத்து மணிக்குள் படம் எடுக்காவிட்டால் வருகை இல்லை என்கிறார்கள். சிக்னலே இல்லாத ஊர் எங்களுடையது.

செல்போன் செயலியில் ஒரு நாளைக்கு இருமுறை படம் எடுத்து வருகை பதிவது 2023 ஜனவரி முதல் கட்டாயம். பதிவாகாவிட்டால் வேலை பார்த்தும் கூலி இல்லை என்ற நிலை வரக் கூடாது. பணித்தளப் பொறுப்பாளரிடம் அன்றே ஒரு தாளில் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சிக்னல் இல்லாததை எழுதி, ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுநாள் வரை காத்திருந்தால் பயன் குறைவு.

ஊராட்சித் தலைவரே இல்லை, யாரிடம் போவது?

தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். வேலை கேட்கும் உரிமை தலைவர் இருப்பதைப் பொறுத்ததல்ல. விண்ணப்பம் ஊராட்சிச் செயலரிடமோ வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ கொடுக்கலாம். கிராமசபையும் நடக்கத்தான் வேண்டும். தலைவர் இல்லாத நேரத்தில் பணிகள் மேலிருந்து வந்து விழாமல் இருக்க, அங்கே கூட்டம் அதிகமாக இருப்பது இன்னும் முக்கியம்.

புதிய சட்டம் வந்தால் நூறு நாள் 125 நாள் ஆகுமாமே, நல்லதுதானே?

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் 125 நாள் என்கிறது. 15 நாளில் வேலை தராவிட்டால் படி என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் இதுவரை திறனற்ற வேலைக்கான கூலியை ஒன்றிய அரசே முழுதாகத் தந்தது. புதிய சட்டத்தில் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 விழுக்காடு ஏற்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒதுக்கீட்டை ஒன்றிய அரசு முன்கூட்டியே நிர்ணயிக்கும், மீறினால் மாநிலத்தின் செலவு. விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம்.

கேட்டவருக்கு வேலை என்பது பழைய சட்டத்தின் அடிப்படை. ஒதுக்கீட்டுக்குள் வேலை என்று ஆகிவிட்டால் நாள் எண்ணிக்கை கூடியதால் மட்டும் கூலிக்காரருக்கு நன்மை வந்துவிடாது என்பது என் கருத்து. மகாராஷ்டிரம் 1972 வறட்சியில் வேலை உறுதியைத் தொடங்கி, 1977-இல் சட்டமாக்கியது. நகரத்தில் சம்பளம் வாங்குவோரிடம் தொழில் வரி வசூலித்து அதற்கென்று தனி நிதி வைத்தது. மாநிலங்கள் 40 விழுக்காடு தர வேண்டுமென்றால் அப்படி ஒரு கையிருப்பு நம் மாநிலத்திலும் வேண்டும். அது இல்லாவிட்டால் பணம் தீர்ந்த மாதத்தில் வேலையும் தீரும்.

எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கிறார்கள். நூறு நாள் வேலை என்னாகும்?

போய்விடும். இது ஊரகப் பகுதிக்கான சட்டம். இணைப்பை எதிர்த்துப் பல ஊர்களில் பெண்கள் தெருவுக்கு வந்ததற்கு வரி உயர்வோடு இதுவும் ஒரு காரணம். கேரளம் 2010 வாக்கில் அய்யன்காளி பெயரில் நகர வேலை உறுதித் திட்டம் தொடங்கியது, ராஜஸ்தான் 2022-இல் நகரத்துக்கு 100 நாள் அறிவித்தது. தமிழ்நாடும் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைச் சில நகரங்களில் தொடங்கிப் பார்த்தது. அது உங்கள் நகராட்சிக்கு வருமா என்பதை இணைப்புக்கு முன்பே ஆட்சேபனை மனுவில் எழுதிக் கேளுங்கள். நடப்பு ஆண்டில் உங்களுக்கு வர வேண்டிய நாட்களையும் இணைப்பு உத்தரவு வருவதற்கு முன் எழுத்தில் கேட்டு வேலையாக வாங்கிவிடுங்கள்.