ஏஎஃப்பி நார்மல் என்றாலும் ஸ்கேனை விடாதீர்கள்

அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி-யால் வந்த சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிப்போகும் நோய்), ஏஎஃப்பி (ஈரல் புற்றுநோயைக் கண்காணிக்க எடுக்கும் ரத்தப் பரிசோதனை) 6 தான், ஈரல் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

சின்னப் புற்றுநோய்க் கட்டிகள் பலவும் ஏஎஃப்பியைக் கூட்டுவதே இல்லை. 20-ஐ (ng/mL) வரம்பாக வைத்தால், ஈரல் புற்றுநோய் உள்ளவர்களிலேயே பத்தில் நாலு பேர் அளவுக்கு இந்தப் பரிசோதனையில் சிக்குவதில்லை. ஆரம்ப நிலையில் இன்னும் மோசம். ஸ்கேன் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். சிரோசிஸ் நோயாளிகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 கட்டுரையில், ஆரம்பக் கட்டிகளை அல்ட்ராசவுண்ட் தனியாக 45 சதவீதமும், ஏஎஃப்பியோடு சேர்ந்து 63 சதவீதமும் கண்டுபிடித்தது. அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் சேர்த்தே எடுக்கச் சொல்கிறார்கள்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி வரிசையாக அடுக்குங்கள். 6, 11, 18 என்று ஏறிக்கொண்டே போனால், 20-க்குள் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுப்பது நல்லது. திடீரென்று கூடினாலும் பதறாதீர்கள். வைரஸ் தீவிரமாகி ஈரல் அழற்சி கூடினாலும் ஏறும். புற்றுநோயா என்பதை மருந்து செலுத்தி எடுக்கும் மூன்று கட்ட சிடி அல்லது எம்ஆர்ஐதான் தெளிவாக்கும்.

வைரஸ் மாத்திரையை அப்பா ஒருநாள்கூட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.