அண்ணா விற்கச் சொல்கிறார், தம்பி கொண்டுபோகக் கேட்கிறான்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். அப்பா முன்பே இல்லை, அம்மா போய் ஒரு வருடம். உயில் எழுதவில்லை. அவருடைய அட்டியல், பித்தளைக் குத்துவிளக்கு, அம்மப்பாவின் வைத்திய ஏடுகள், பழைய ஆல்பங்கள் என்னிடம் இருக்கின்றன. கனடாவில் இருக்கும் அண்ணா எல்லாவற்றையும் விற்றுப் பிரிக்கச் சொல்கிறார். லண்டன் தம்பி ஏடுகளைக் கொண்டுபோகப் போகிறானாம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அட்டியலைத் தனியே எடுத்து வையுங்கள். உயில் இல்லாதபோது உங்கள் பகுதிக்குப் பொருந்தும் பொதுச்சட்டப்படி பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு. பராமரித்தவர் என்பதற்காகக் கூடுதலாக வராது. நகைக்கடையில் நிறுத்து, மதிப்பை எழுதி வாங்கி இருவருக்கும் அனுப்புங்கள். உங்களுக்கே வேண்டுமென்றால் அவர்கள் பங்கைக் காசாகக் கொடுத்துவிடலாம்.

ஏடுகளைத் தம்பி நினைத்தபடி பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோக முடியாது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டம், அப்படிப்பட்ட பொருட்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே எடுக்கத் தடை விதிக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தில் கேட்காமல் அவர் விமான நிலையம் போகக்கூடாது. ஆளுக்குப் பாதியாகவும் பிரிக்காதீர்கள். கட்டு கலைந்தால் வைத்தியக் குறிப்பு நடுவில் அறுந்துபோகும். ஈழத்து ஆவணங்களை மின்னூலாக்கும் நூலக நிறுவனத்தோடு பேசிப் பாருங்கள். ஸ்கான் செய்துவிட்டால் தம்பி லண்டனில் இருந்தே வாசிக்கலாம். அதுவரை பொலித்தீனில் சுற்ற வேண்டாம், ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். மாரிகாலத்து ஈரம் ஏட்டுக்குப் பெரிய எதிரி.

அண்ணாவைக் கல்மனசுக்காரர் என்று எடுத்துவிடாதீர்கள். 1983இலும் 1990இலும் திருகோணமலையில் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த உடுப்போடு இடம்பெயர்ந்தன. 2004 டிசம்பரில் கடல் வந்து மிச்சத்தையும் கொண்டுபோன வீடுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒருதரம் விட்டுவிட்டுப் போனவருக்குப் பொருளில் பிடிப்பு அறுந்துபோகலாம். அதே இழப்பைப் பார்த்த தங்கைக்கு மிஞ்சிய விளக்கே உயிராகிவிடும். ஒரே வீட்டில் இந்த இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன், இரண்டிலும் வலி இருக்கிறது. ஆகவே "உங்களுக்கு அம்மாவின் நினைவே இல்லையா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த விளக்கு யார் வீட்டில் இருந்து வந்தது, எந்த நாட்களில் ஏற்றினார்கள் என்று வட்ஸ்அப்பில் கேளுங்கள். மூத்தவர், உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.

அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், சரி, விளக்கில் அவருடைய பங்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பித்தளையை நிறைக்கு வாங்கும் வியாபாரி தரும் காசு மூன்றாகப் பிரித்தால் ஒன்றுமே இல்லை. விளக்கும் ஏடும் யாரிடம் இருக்கும், மூவரில் யார் வீட்டில் கலியாணம் என்றாலும் விளக்கைக் கொடுக்க வேண்டும், மூவரும் சம்மதிக்காமல் விற்கக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்து வையுங்கள்.

ஆல்பத்தில் சண்டை இல்லை, படங்களைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுக்கலாம். லமினேட் மட்டும் செய்யாதீர்கள். அதில் உள்ள முகங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய பெரியம்மா, மாமி யாராவது இருந்தால் இந்த மாதமே போய்க் கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனை மை முன்பக்கம் ஊறிவிடும்.