கடை முகப்புக்குப் புதிய வழிகாட்டி: கவுன்சில் கருத்துக் கேட்டால் என்ன எழுதுவது?

வாசகர் கேள்வி: லண்டனில் ஒரு கடைத்தெருவில் பல ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்துகிறேன். கடை முகப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் கவுன்சில் ஒரு வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. வெளிப்புற இரும்பு ஷட்டர் கூடாது, உள்ளே விளக்கெரியும் பெட்டிப் பலகை கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. இருக்கும் முகப்பை மாற்றச் சொல்வார்களா? தமிழில் பெயர்ப்பலகை வைக்கத் தடை வருமா? நாங்கள் எழுதினால் யாராவது படிப்பார்களா?

பதில்:

முதலில் உங்கள் அச்சத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். முறையான அனுமதியோடு இன்று நிற்கும் முகப்பை இந்த வழிகாட்டியைக் காட்டி யாரும் கழற்றச் சொல்ல முடியாது. அடுத்த முறை நீங்கள் முகப்பை மாற்ற விண்ணப்பிக்கும்போது அந்த விண்ணப்பத்தை அளக்கும் அளவுகோல் அது. அனுமதி பெறாமல் செய்த வேலையின் கதை வேறு. அதன் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு ஏற்கெனவே இருக்கிறது. புதிய வழிகாட்டி வந்ததும் அதிகாரிகளின் பார்வை கடைத்தெருவின் பக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். 'நான்கு ஆண்டு கடந்துவிட்டால் தொட மாட்டார்கள்' என்று கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது இங்கிலாந்தில் இனிப் பொதுவிதி அல்ல. ஷட்டர், முகப்பு போன்ற கட்டுமான வேலை 2024 ஏப்ரல் 25-க்கு முன்பே பெருமளவில் முடிந்திருந்தால் பழைய நான்கு ஆண்டுக் கணக்கு பொருந்தும். அதற்குப் பிறகு முடிந்த வேலைக்குப் பத்து ஆண்டுகள். பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடமாக இருந்தால் காலக்கெடுவே கிடையாது. அனுமதியின்றி அதை மாற்றுவது குற்றமும்கூட.

இனி வரைவின் முதல் பக்கத்தைத் திறந்து, அது எந்த வகை ஆவணம் என்று பாருங்கள். எப்படி எழுத வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கடை முகப்பு வழிகாட்டிகள் இதுவரை பெரும்பாலும் 'சப்ளிமென்டரி பிளானிங் டாக்குமென்ட்' என்ற துணை ஆவணமாகவே வந்திருக்கின்றன. 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் குறைந்தது நான்கு வாரம் கருத்துக் கேட்க வேண்டும். பிறகு கவுன்சிலே அதை ஏற்றுக்கொள்ளும். வெளியிலிருந்து எவரும் வந்து ஆராய்வதில்லை. 'லோக்கல் பிளான்' எனப்படும் முதன்மைத் திட்டம் அப்படியல்ல. அதன் இறுதி வரைவுக்குக் குறைந்தது ஆறு வாரம் தருவார்கள். அதன்பின் சுதந்திரமான ஆய்வாளர் ஒருவர் அதைப் பரிசீலிப்பார். திட்டத்தில் மாற்றம் கோரி எழுதியவர்கள் அவர் முன் நேரில் பேசவும் சட்டம் உரிமை தருகிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் துணை ஆவணத்தின் இடத்துக்கு 'சப்ளிமென்டரி பிளான்' என்ற புதிய வகையையும் கொண்டுவந்திருக்கிறது. அதற்கும் வெளி ஆய்வு உண்டு. ஒன்றிரண்டு சொற்கள்தான் வேறு என்பதால் தலைப்பை நிதானமாகப் படியுங்கள். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

உங்கள் கையில் இருப்பது துணை ஆவணம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு ஓர் எல்லை இருக்கிறது: முதன்மைத் திட்டத்தில் உள்ள கொள்கையை விளக்கலாம், அதற்கு முரண்படக் கூடாது. ஆகவே வரைவை மட்டும் படித்து எழுதாதீர்கள். அது எந்தக் கொள்கையை விளக்குவதாகச் சொல்கிறதோ அந்தக் கொள்கையையும் கவுன்சில் இணையதளத்தில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். திட்டத்தில் 'தெருவின் தோற்றத்தைக் கெடுக்கும் ஷட்டர்கள் பொதுவாக ஏற்கப்படா' என்றிருக்க, வழிகாட்டியில் 'எந்த நிலையிலும் அனுமதி இல்லை' என்றிருந்தால், உங்கள் மறுப்புக்கு அதைவிட வலுவான அடித்தளம் கிடைக்காது. வியாபாரம் பாதிக்கும் என்று பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு முரண்பாட்டைச் சுட்டும் நான்கு வரி அதிக வேலை செய்யும்.

யாராவது படிப்பார்களா என்று கேட்டீர்கள். படித்தே ஆக வேண்டும். கருத்துக்கேட்பு நியாயமாக நடக்க நான்கு நெறிகளை நீதிமன்றங்கள் வகுத்திருக்கின்றன. முடிவு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். அறிவோடு பதில் சொல்லப் போதிய காரணங்களைத் தர வேண்டும். போதிய நேரம் தர வேண்டும். வந்த கருத்துகளை மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். 'கன்னிங் நெறிகள்' என்று பெயர்பெற்ற இவை 1985-இல் பிரென்ட் கவுன்சிலுக்கு எதிரான ஒரு வழக்கில் பிறந்தவை. 2014-இல் ஹாரிங்கே கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை உறுதிசெய்தது. இரண்டுமே நம்மவர்கள் வாழ்ந்து வணிகம் செய்யும் பகுதிகள் என்பதை நினைக்கையில் எனக்கு நிறைவாக இருக்கிறது. இதற்கு மேல், துணை ஆவணத்தை ஏற்பதற்கு முன் கவுன்சில் ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும்: யாரிடம் கேட்டோம், முக்கியமாக எழுந்த பிரச்சினைகள் எவை, அவற்றுக்கு ஆவணத்தில் என்ன செய்தோம் என்று. அந்த அறிக்கையில் உங்கள் கருத்து ஒரு வரியாக ஏற வேண்டும், அதற்கு எதிரே அதிகாரி ஒரு பதில் எழுத வேண்டும். 'இது சிறு வணிகரை அழிக்கும்' என்று எழுதினால் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று முடித்துவிடுவார்கள். பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, அதில் என்ன சிக்கல், ஏன், அதற்குப் பதிலாக எந்த வாசகம் வேண்டும் என்று எழுதினால் ஏற்கவோ காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டிவரும்.

ஷட்டரை எடுத்துக்கொள்வோம். உங்கள் பகுதியில் சண்டை இதைச் சுற்றித்தான் நடக்கும். கவுன்சிலின் காரணத்தை முதலில் நேர்மையாகப் புரிந்துகொள்ளுங்கள். வரிசையாக இரும்புத் தகடு இறங்கிய தெரு மாலையில் செத்துப்போன தெருவாகத் தெரிகிறது, கிறுக்கல்கள் சேர்கின்றன, கடைக்குள் யாராவது நுழைந்தாலும் வெளியே நடப்பவருக்குத் தெரிவதில்லை. ஷட்டர் சுருளும் பெட்டி பலகைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்கிறது. இவை பொய்யான காரணங்கள் அல்ல. அதனால் பல வழிகாட்டிகள் கண்ணாடிக்கு உட்புறம் கம்பி வலையாகத் திறந்த தடுப்பையும் உடைக்கக் கடினமான அடுக்குக் கண்ணாடியையும் பரிந்துரைக்கின்றன.

உங்கள் பக்கத்திலும் கனமான காரணங்கள் உண்டு, ஆனால் அவற்றைத் தாளில் காட்ட வேண்டும். உங்கள் காப்புறுதி ஒப்பந்தத்தில் ஷட்டர் கட்டாயம் என்ற நிபந்தனை இருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை இணையுங்கள். கடை உடைக்கப்பட்டிருந்தால் காவல்துறை தந்த குற்றப் பதிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். உள் தடுப்பு வைத்தால் கண்ணாடியோரக் காட்சியிடத்தில் எவ்வளவு ஆழம் போகும் என்று அளந்து எழுதுங்கள். கண்ணாடி மாற்ற ஒரு நிறுவனத்திடம் விலைப்பட்டியல் வாங்கி இணையுங்கள். பிறகு மாற்று வாசகம் கொடுங்கள். உதாரணமாக இப்படி: 'உட்புறத் தடுப்பே முதல் தெரிவு, காப்புறுதி நிபந்தனையாலோ, பதிவான குற்றங்களாலோ, கடையின் அமைப்பாலோ அது போதாது என்று விண்ணப்பதாரர் காட்டினால், துளையுள்ள அல்லது வலை வடிவ வெளிப்புற ஷட்டர், அதன் பெட்டி பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கும் வகையில் ஏற்கப்படலாம்.' அடுக்குக் கண்ணாடி என்று மட்டும் வரைவில் இருந்தால், எந்தத் தரம் என்று கேளுங்கள். கையால் தாக்கி உடைப்பதைத் தாங்கும் கண்ணாடிக்கு பி.எஸ். இ.என். 356 என்ற தரநிலை இருக்கிறது. வழிகாட்டி அதைச் சொன்னால் காப்புறுதி நிறுவனத்திடம் பேச உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

பெயர்ப்பலகைக்கு வருவோம். தமிழ் எழுத்துக்குத் தடை வராது. விளம்பரக் கட்டுப்பாடு பற்றிய 2007-ஆம் ஆண்டு விதிகளின்படி கவுன்சில் தன் அதிகாரத்தைச் சூழலின் அழகு, பொதுப் பாதுகாப்பு ஆகிய இரண்டுக்காக மட்டுமே பயன்படுத்த வேண்டும். இவ்விரண்டும் கோரினாலொழிய, பலகையில் என்ன எழுதலாம் என்று அனுமதியில் நிபந்தனை போடக் கூடாது என்றும் அவ்விதிகள் சொல்கின்றன. 'பலகைகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும்' என்பது போன்ற வரி வரைவில் எங்காவது இருந்தால் தயங்காமல் எதிர்த்து எழுதுங்கள். நம் எழுத்தைத் தெருவில் பார்க்கும் உரிமை எவரும் இரங்கித் தரும் சலுகை அல்ல.

அதே விதிகள் இன்னொன்றும் தருகின்றன. வணிக இடத்தில் அந்தக் கடையின் பெயர், பொருள், தொழில் பற்றிய விளக்கில்லாத பலகையை விண்ணப்பமே இல்லாமல் வைக்கலாம். எழுத்து 75 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. பலகையின் உச்சி தரையிலிருந்து 4.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. விளம்பரங்களுக்குச் சிறப்புக் கட்டுப்பாடு அறிவிக்கப்பட்ட பகுதிகளில் இந்த வரம்புகள் 30 சென்டிமீட்டரும் 3.6 மீட்டருமாகச் சுருங்கும். இந்தச் சலுகையை ஒரு வழிகாட்டியால் பறிக்க முடியாது. அதை நீக்கும் அதிகாரம் அமைச்சரிடம் இருக்கிறது. ஆகவே 'எல்லாப் பலகைகளுக்கும் அனுமதி தேவை' என்று வரைவு சொன்னால் அது திருத்தப்பட வேண்டிய பிழை. விளக்குள்ள பலகைக்கு வரம்பு கடுமை. எழுத்து மட்டும் ஒளிரும் பலகைக்கோ, எழுத்தின் பின்னால் ஒளிவட்டம் விழும் பலகைக்கோ சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. 'கன்சர்வேஷன் ஏரியா' எனப்படும், பாரம்பரியத் தோற்றம் காக்கப்படும் பகுதியில் அதுவும் கிடையாது. முழுப் பெட்டியும் ஒளிரும் பலகைக்கு அனுமதி வேண்டும். தேவையான அனுமதி இல்லாமல் வைத்தால் 2,500 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். தொடர்ந்து வைத்திருந்தால் நாளுக்கு 250 பவுண்ட் வரை கூடும். பெட்டிப் பலகைக்காகப் போராடுவது என் கணிப்பில் வீண். அந்த உழைப்பை ஷட்டர் வாசகத்தில் செலவிடுங்கள்.

வரைவில் 'ஸ்டால்ரைசர்' என்று வருவது கண்ணாடிக்குக் கீழே உள்ள தாழ்ந்த அடிச்சுவர். 'பிலாஸ்டர்' என்பது இரு கடைகளைப் பிரிக்கும் சுவரோடு ஒட்டிய தூண். 'ஃபேசியா' என்றால் பலகை பொருந்தும் பட்டை. பழைய கட்டடங்களில் இவற்றைக் காப்பாற்றச் சொல்வது நியாயம்தான், ஆதரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் எதிர்க்கும் கடிதத்தைவிட, ஐந்தை ஏற்று இரண்டை மறுக்கும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம். வாசற்படி பற்றி வரைவு மௌனமாக இருந்தால், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையின்றி நுழையும்படி படியை நீக்க ஊக்கம் தர வேண்டும் என்று கேளுங்கள். நடைபாதையில் காய்கறி அடுக்குவது பெரும்பாலும் தெரு வணிக உரிமம் சார்ந்தது, இங்கே அதைக் கலக்க வேண்டாம்.

கடையின் மேலேயும் பின்னேயும் வீடுகள் கட்டுவது பற்றிய அத்தியாயத்தைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். மேல்வீட்டுக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு வேண்டும் என்று அதில் இருந்தால் அந்தக் கதவின் அகலம் உங்கள் முகப்பிலிருந்துதான் போகும். பின்புறத்தில் வீடு வந்தால் சரக்கு இறக்கும் வழியும் குப்பைத் தொட்டி வைக்கும் இடமும் எங்கே? மிஞ்சும் கடை நடத்தக்கூடிய அளவில் இருக்க வேண்டும், சரக்கறையும் பின்வழியும் காக்கப்பட வேண்டும் என்ற வாசகத்தைக் கேளுங்கள். கட்டட உரிமையாளர் இதைக் கேட்க மாட்டார். குத்தகைக்காரரான நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வணிக வரி, வாடகை, வாகன நிறுத்தம் ஆகியவற்றை எழுதாதீர்கள். இந்த ஆவணத்துக்கு அவற்றைத் தொடும் வலிமை இல்லை. பக்கத்துக் கடை மீது புகாரும் வேண்டாம். முக்கியமாக, கருத்துகள் பொதுவெளியில் வெளியாகும், பெரும்பாலும் எழுதியவர் பெயரோடு. உங்கள் ஷட்டருக்கு அனுமதி இருக்கிறதா என்று தெரியாத நிலையில் அதைப் பற்றிக் கடிதத்தில் விவரிப்பது புத்திசாலித்தனம் அல்ல. கவுன்சில் இணையதளத்தில் உங்கள் முகவரிக்கான பழைய விண்ணப்பங்களைப் பாருங்கள். ஐயம் இருந்தால் முதலில் ஒரு பிளானிங் ஆலோசகரிடம் காட்டுங்கள். கால வரம்பு கடந்த வேலையாக இருந்தால் அது சட்டப்படி செல்லும் என்ற சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு.

ஒரே கடிதத்தை நாற்பது கடைகள் நகலெடுத்து அனுப்பினால் அறிக்கையில் அது ஒரே பிரச்சினையாகத்தான் ஏறும். எல்லாரும் கையெழுத்திட்டு, கடை முகவரி எழுதிய ஒரு கூட்டுக் கடிதமும், தனித்த அனுபவம் உள்ள சிலரின் தனிக் கடிதங்களும் போதும். எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், இலக்கணம் பற்றிக் கவலை வேண்டாம். தெருவில் பெரும்பாலான கடைகளைச் சிறுபான்மையினர் நடத்தும்போது வரைவு இணையத்தில் மட்டும் கிடக்கிறது என்றால், எல்லா இனத்தவருக்கும் சமவாய்ப்பைக் கருத்தில் கொள்ள 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் கவுன்சிலுக்குள்ள கடமையை நினைவூட்டி, கடைக்காரர்களுக்கு ஏற்ற நேரத்தில் ஒரு கூட்டம் வைக்கும்படி இப்போதே கேளுங்கள். கெடு முடிந்தபின் கேட்பதில் பயன் குறைவு.

கடைசி நாளுக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பி, கிடைத்ததற்கான பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஆவணம் ஏற்கப்படும்போது தெரிவிக்கும்படி அதே கடிதத்தில் ஒரு வரி எழுதினால் உங்களுக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. ஆனால் அதுவரை காத்திராமல், ஏற்பு முடிவு வரும் கவுன்சில் கூட்டத்தின் ஆவணங்களைப் பாருங்கள். அதில் உங்கள் கருத்தும் அதிகாரியின் பதிலும் இருக்கும். பதில் உங்கள் கேள்வியைத் தொடாமல் போயிருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு உங்கள் வார்டு உறுப்பினரைச் சந்தியுங்கள். கூட்டத்தில் முடிவெடுக்கும் முன் அவர் அதை எழுப்பலாம்.