ப்ரீசேம்பர் கேஸ் எஞ்சின் சிமுலேஷனில் பிரஷர் கர்வ் டெஸ்ட்டோடு ஒத்துப்போகவே மாட்டேன் என்கிறது, எந்த மாடலுக்கு மாறுவது?

இப்போதைக்கு மாடலைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் டர்புலன்ட் ஃப்ளேம் ஸ்பீடு மாறிலியைத்தான் (கொந்தளிக்கும் வாயுவில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை மாடலில் கூட்டிக் குறைக்கும் எண்) மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். காட்பாடியில் எம்.டெக். படித்தபோது ஒரு கோடை முழுக்க நானும் அதையேதான் செய்தேன், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். ஒரு கிலோ மீத்தேன் முழுசாக எரியச் சுமார் 17.2 கிலோ காற்று போதும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பதற்காகக் கிட்டத்தட்ட அதில் இரண்டு பங்கு காற்றை விடுகிறார்கள். அவ்வளவு நீர்த்த கலவையை வெறும் ஸ்பார்க் பிளக்கால் ஒழுங்காகப் பற்றவைக்க முடியாது. அதனால் மேலே ப்ரீசேம்பர் என்ற ஒரு சின்ன அறை வைத்து, அதற்குத் தனியாகக் கொஞ்சம் கேஸ் கொடுத்து அங்கே தீ மூட்டுகிறார்கள். அடியிலுள்ள துளைகள் வழியாகச் சூடான தாரைகள் பாய்ந்து பெரிய அறையைக் கொளுத்தும்.

அந்தக் கோடையில் என் பிரச்சினை இதுதான். மாறிலியை ஏற்றினால் ப்ரீசேம்பர் பிரஷர் டெஸ்ட்டோடு ஒட்டும், ஆனால் பெரிய அறை சீக்கிரமே எரிந்துவிடும். இறக்கினால் பெரிய அறை சரியாகும், ப்ரீசேம்பர் விழுந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் லேபில் இரண்டு முறை கரன்ட் போய், பாதியில் நின்ற ரன்னை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். கடைசியில் எஞ்சினைப் பிரித்தபோது, ராணிப்பேட்டை சிப்காட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் ப்ரீசேம்பரைக் கொண்டுபோனேன். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், ஒரு 1.5 மி.மீ. டிரில் பிட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் துளையில் வைத்தார், இறங்கவில்லை. 1.4 இறங்கியது. "பம்ப் ஸ்டவ் நிப்பிள் மாதிரிதாம்பா, அடைச்சிருக்கு" என்றார். ஆயில் எரிந்து படிந்த கரி. நான் டிராயிங்கில் இருந்த 1.5-ஐ வைத்தே ஜியோமெட்ரி போட்டிருந்தேன்.

0.1 மி.மீ. தானே என்று தோன்றும், ஆனால் பரப்பளவில் அது 13 சதவீதம். துளை சிறுத்தால் ப்ரீசேம்பருக்குள் பிரஷர் அதிகமாக ஏறும், தாரை வேகமாக வரும், தீ துளைக்குள்ளேயே அணைந்து, அப்புறம் பெரிய அறையில் மறுபடி பற்றுவதற்கும் வாய்ப்பு கூடும். கம்ப்ரெஷனில் கீழேயிருந்து மேலே ஏறும் நீர்த்த கலவையும் குறையும், அதனால் ஸ்பார்க் அடிக்கும் நேரத்தில் ப்ரீசேம்பர் லாம்டாவே (இருக்கும் காற்றுக்கும் முழுசாக எரியத் தேவையான காற்றுக்கும் உள்ள விகிதம்) மாறிவிடும். இத்தனையையும் ஒரே மாறிலியால் சரிக்கட்டப் பார்த்தால் எப்படி முடியும்?

துளையை அளந்த கையோடு, ஸ்பார்க்குக்கு ஒரு கிராங்க் டிகிரி முன்னால் ப்ரீசேம்பரைக் குறுக்கே வெட்டி லாம்டாவையும் முந்தைய சைக்கிளில் எரிந்து வெளியேறாமல் தங்கிய பழைய புகையையும் படமாகப் பாருங்கள். 1500 ஆர்பிஎம்மில் ஒரு டிகிரி என்பது 0.11 மில்லிசெகண்ட்தான், இருந்தாலும் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. பிளக் முனைக்குப் பக்கத்தில் லாம்டா 1-ஐ ஒட்டி இல்லையென்றால் பிழை கேஸ் வால்வ் பவுண்டரி கண்டிஷனில் (கேஸ் வரத்துக்கு நீங்கள் கொடுத்த உள்ளீட்டில்) இருக்கலாம், எரிதலில் அல்ல.

மெஷ் (கணக்குக்காக அறையைச் சின்னச் சின்னச் செல்லாகப் பிரிப்பது) பற்றி ஒன்று. 1.5 மி.மீ. துளைக்கு 0.25 மி.மீ. செல் போட்டால் குறுக்கே ஆறு செல்தான் வரும், எண்ணிக்கை அதற்குக் கீழே போகவே கூடாது. ஒரு மில்லிமீட்டர் செல்லோடு துளையைத் தாண்டியிருந்தால் தாரையின் வேகத்தை நம்பாதீர்கள்.

மாடலுக்கு வருவோம். ஜி-ஈக்வேஷன் என்ற எரிதல் மாடல் தீயை அறுபடாத ஒரு முகப்பாகத்தான் பார்க்கும், துளையில் அணைந்தாலும் அதற்குத் தானாகத் தெரியாது. அணைகிறது என்று சந்தேகம் இருந்தால் விரிவான கெமிஸ்ட்ரிக்குப் போங்கள். மீத்தேன் எரிவதற்கான ஜிஆர்ஐ-மெக் 3.0 வினைத்தொகுப்பு என்றால் 53 வேதிப்பொருள்கள், 325 வினைகள், ஒரு சைக்கிளுக்கே பல நாள் பிடிக்கலாம், ஆனாலும் அந்தக் கேள்விக்கு அது நேர்மையாகப் பதில் சொல்லும். அப்புறம் ரான்ஸ் (கொந்தளிப்பைச் சராசரியாக்கிக் கணக்கிடும் முறை) ஓட்டுகிறீர்கள் என்றால் ஒரே ஒரு டெஸ்ட் சைக்கிளோடு ஒப்பிடாதீர்கள், நூற்றுக்கணக்கான சைக்கிளின் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

துளையின் உண்மையான அளவையும் ஸ்பார்க் நேர லாம்டாவையும் எடுத்த பிறகும் ஒட்டவில்லையென்றால் அந்த இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள், இரண்டு அறைகளின் பிரஷர் கர்வையும் சேர்த்து.